ஃபுளோரைடு ஊருக்குக் குடிநீர்: ஒகேனக்கல் குழாயா, தனியார் ஆர்.ஓ.வா, ஊராட்சியே நடத்துவதா?

போர் தண்ணீரில் ஃபுளோரைடு மிகுந்து பல்லும் எலும்பும் கெடும் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து ஊராட்சிகளைத் தேடி, தண்ணீரைச் சுத்திகரித்துக் கேனில் விற்கும் தனியார் ஆர்.ஓ. கம்பெனிகளிடமிருந்து இந்தப் பேச்சு அடிக்கடி வருகிறது. "இடம், போர், கரன்ட் மூணும் நீங்க கொடுங்க. பிளான்ட் செலவு முழுசும் எங்களோடது. ஊர் ஜனத்துக்குக் கேன் அஞ்சு ரூபாய்க்கே கொடுத்துடறோம்." கூடவே பத்துப் பதினைந்து வருஷத்துக்கு ஓர் ஒப்பந்தத் தாள். தண்ணீருக்குத் தவிக்கிற ஊரில் இதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அந்தத் தாளில் கையெழுத்து விழுவதற்கு முன் ஊர் உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு இருக்கிறது. அதைப் போட்டால் பல ஊர்களுக்கு அந்த பிளான்டே தேவைப்படாது என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது. தேவைப்படும் ஊர்களும் உண்டு. அங்கே எப்படி வைக்க வேண்டும் என்பதும் கீழே இருக்கிறது.

முதலில் நோய் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம்

பென்னாகரம், பாலக்கோடு, காரிமங்கலம், பர்கூர், மத்தூர் என்று எந்தப் பக்கம் போர் இறக்கினாலும் கீழே இருப்பது கிரானைட், நைஸ் போன்ற கடும்பாறைதான். பாறையில் உள்ள ஃபுளோரைடு கனிமங்கள் தண்ணீரில் மெல்ல மெல்லக் கரைகின்றன. விரிசலுக்குள் தண்ணீர் எவ்வளவு காலம் தேங்கிக் கிடக்கிறதோ அவ்வளவு ஃபுளோரைடு ஏறும். கால்சியம் குறைந்து பைகார்பனேட் மிகுந்த தண்ணீரில் இன்னும் அதிகமாக ஏறும். மேல்மட்டக் கிணறுகள் வற்றி, 1,000 அடி போருக்கு இறங்கிய ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை கூடியதற்குக் காரணம் இதுதான். பக்கத்துப் பக்கத்து போர்களிலேயே அளவு வேறு வேறாக இருக்கும். ஒரு தெருவின் சோதனை முடிவை அடுத்த தெருவுக்குப் பொருத்த முடியாது.

இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500) சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம். பல் உருவாகும் எட்டு வயதுக்குள் உடலில் சேர்ந்தால் கறை நிரந்தரம். பல ஆண்டுகள் அதிக அளவில் குடித்தால் மூட்டும் முதுகெலும்பும் இறுகிப்போகும். அதற்குப் பிறகு மருந்தால் சரிசெய்ய வழி கிடையாது.

தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. ஆவியாகிப் போன அளவுக்கு மிச்சத் தண்ணீரில் அடர்த்தி கூடத்தான் செய்யும். ஆகவே குடிக்கும் தண்ணீரை மட்டும் மாற்றி, களி கிண்டவும் சோறு வடிக்கவும் பருப்பு வேகவும் போர் தண்ணீரையே ஊற்றினால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. குடிக்க, சமைக்க இரண்டுக்கும் சேர்த்து ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இனி வரும் கணக்கெல்லாம் இந்த 8 லிட்டரை வைத்துத்தான்.

ஒகேனக்கல் தண்ணீர் இருந்தும் ஏன் பல் கறை?

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த நோய்க்காகவே வந்தது. ஜப்பான் கடனுதவியோடு, ரூ.1,928.80 கோடி மதிப்பில், 2013 மே மாதம் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரித் தண்ணீரில் ஃபுளோரைடு மிகக் குறைவு. ஆனால் குழாயின் கடைசியில் இருக்கும் குக்கிராமங்களில் ஒரே புகார்: "ஒருநாள் விட்டு ஒருநாள் வருது, அதுவும் பத்தல."

2,000 பேர் வாழும் ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். ஜல் ஜீவன் திட்டத்தின் அளவுகோல்படி ஆளுக்கு 55 லிட்டர் என்றால் ஒரு நாளைக்கு 1,10,000 லிட்டர் வேண்டும். ஒகேனக்கல் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் 40,000 லிட்டர் வருகிறது, சராசரி 20,000. மீதி 90,000 லிட்டரை ஊர் போரிலிருந்து ஏற்றுகிறார்கள். போரில் ஃபுளோரைடு 2.5, காவிரியில் 0.3 என்று வைத்தால், ஒரே மேல்நிலைத் தொட்டியில் கலந்த தண்ணீரில் 2.1 நிற்கும். அத்தனை தூரம் பம்ப் செய்து கொண்டுவந்த காவிரித் தண்ணீர் 2.5-ஐ 2.1 ஆக்கியதோடு தீர்ந்துபோனது. வரம்புக்கு இரண்டு மடங்குக்கு மேல் இன்னமும் இருக்கிறது.

அதே ஊரில் குடிக்கவும் சமைக்கவும் தேவைப்படுவது 2,000 x 8 = 16,000 லிட்டர். வருவது 20,000. கலக்காமல் விட்டிருந்தால் ஊர் முழுக்க நல்ல தண்ணீர் குடித்திருக்கும். பற்றாக்குறை என்று பேசப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கலப்பினால் வந்தது.

பாதுகாப்பாகக் கலக்க முடியாதா என்றால், முடியும். மேலே சொன்ன அதே தண்ணீரில் 1 மி.கி.க்குள் நிறுத்த, 30,000 லிட்டர் தொட்டியில் போர் தண்ணீர் 9,500 லிட்டருக்கு மேல் போகக் கூடாது. காவிரி 20,500 வந்தாக வேண்டும். அந்த அளவு வராத அன்று டேங்க் ஆபரேட்டர் என்ன செய்வார்? தெருவில் குடத்தோடு நிற்கிறவர்களைப் பார்த்து மோட்டாரைப் போட்டு போர் தண்ணீரால் தொட்டியை நிரப்புவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அளந்து கலப்பதை நம்பி ஒரு திட்டத்தை நடத்துவது இதனால்தான் நிலைக்காது.

முதல் வழி: இரண்டு தண்ணீரையும் பிரிப்பது

ஊரில் ஏற்கெனவே இரண்டு தொட்டி இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஒன்றை ஒகேனக்கலுக்கென்றே ஒதுக்க வேண்டும். இல்லையென்றால் 10,000 லிட்டர் சின்டெக்ஸ் தொட்டி இரண்டை மேடை கட்டி வைத்தாலும் போதும். ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் நீரைத் தேக்கிவைக்கத் தரைமட்டத் தொட்டி ஒன்று கட்டாயம். 16,000 லிட்டர் தேவை உள்ள ஊரில் இரண்டு நாளைக்கு 32,000 கொள்ள வேண்டும். அதற்குக் குறைந்தால், வராத நாளில் ஊர் மறுபடி போருக்குத்தான் திரும்பும்.

இந்தத் தண்ணீரை வீட்டு இணைப்புக்குள் விட வேண்டியதில்லை. தெருவுக்கு இரண்டு மூன்று பொதுக்குழாய், காலையில் ஒரு மணி நேரம். புதிய இணைப்பு கொடுத்த பிறகு பல ஊர்களில் பழைய தெருக்குழாய் லைன் சும்மா புதைந்து கிடக்கிறது. அதை அழுத்தம் கொடுத்துச் சோதித்து, கசிவுகளை அடைத்தால் புதுக் குழாய்ச் செலவில் கணிசமான பகுதி மிச்சம்.

சொதப்பும் இடம் ஒன்றுண்டு. இரண்டு லைனுக்கும் நடுவே பழைய இணைப்பை எடுக்காமல் கேட் வால்வை மூடி வைப்பார்கள். ஓராண்டில் வால்வின் அடியில் மண் சேர்ந்து முழுசாக மூடாது. அல்லது காவிரி வராத ஒருநாள் யாரோ திறப்பார்கள், திரும்ப மூட மறப்பார்கள். குழாயை அறுத்து இரு முனையிலும் மூடி போட்டுவிடுங்கள். வால்வை நம்பாதீர்கள். வீட்டுக் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவதும் இந்தப் பொதுக்குழாய் லைனில் நடக்காது, வீட்டு இணைப்பே இல்லாததால்.

தொட்டிக்கு வரும் குழாயில் ஒரு நீர்மானி வைத்து, தினம் எத்தனை லிட்டர் வந்தது என்று எழுதிவைப்பது அவசியம். "பத்தல" என்று குடிநீர் வடிகால் வாரியத்திடம் முறையிடுவதற்கும், மூன்று மாத அளவைத் தேதியோடு நீட்டுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது.

குளோரின் கணக்கையும் சொல்லிவிடலாம். 33 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 30,000 லிட்டருக்கு 180 கிராம் போட்டால் லிட்டருக்கு 2 மி.கி. வரும். மூட்டை பழசாகி வீரியம் 25 சதவீதத்துக்கு இறங்கியிருந்தால் 240 கிராம். அரை மணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும். கடைசித் தெருக் குழாயில் 0.2 மி.கி. மிச்சம் காட்ட வேண்டும்.

இரண்டாம் வழி: ஆர்.ஓ.

காவிரிக் குழாயே எட்டாத குக்கிராமத்துக்கும், எட்டியும் ஆளுக்கு 8 லிட்டர்கூடத் தேறாத ஊருக்கும் ஆர்.ஓ. வேண்டியிருக்கிறது. யார் நடத்துவது என்பதற்கு முன் அது என்ன செய்கிறது என்று பார்க்கலாம்.

மணிக்கு 1,000 லிட்டர் பிளான்ட்டில் மணல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், 5 மைக்ரான் காட்ரிட்ஜ், உப்புப் படியாமல் தடுக்கும் ஆன்டிஸ்கேலன்ட் மருந்துப் பம்பு, உயர் அழுத்தப் பம்பு, தண்ணீரை விட்டு உப்பையும் ஃபுளோரைடையும் தடுக்கும் நான்கு மெம்பரேன் சவ்வு, கடைசியில் கிருமியைக் கொல்லும் யு.வி. விளக்கு இருக்கும். ஏற்றும் தண்ணீரில் பாதி, சில சமயம் பாதிக்கு மேலேயே, ரிஜெக்ட்டாக வெளியே போகும். 2.5 மி.கி. ஃபுளோரைடு உள்ள நீரில் பாதியைச் சுத்தமாக்கினால், வெளியே போகும் பாதியில் 4.8 அளவுக்கு இருக்கும். அதை போருக்குப் பக்கத்துக் குழியில் விட்டால் மறுபடி அதே போருக்குத்தான் இறங்கும். கழிப்பறைத் தொட்டிக்குத் திருப்பலாம். மாட்டுத் தொட்டிக்கு வேண்டாம். மாட்டுக்கும் பல், எலும்பு கெடும்.

செலவு இதோ. நாளைக்கு 200 கேன், அதாவது 4,000 லிட்டர் ஓட்டுவதாக வைப்போம். 1,000 லிட்டருக்கு போர் மோட்டாரும் சேர்த்து 4 யூனிட், யூனிட் 10 ரூபாய் என்றாலும் கேனுக்கு 80 காசு. நான்கு மெம்பரேனுக்கு 48,000 ரூபாய் ஆகி, 600 நாள் ஓடினால் கேனுக்கு 40 காசு. ஆபரேட்டருக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்றால் கேனுக்கு 2 ரூபாய். காட்ரிட்ஜ், மருந்து, பரிசோதனைக்கு 50 காசு. மொத்தம் ஏறக்குறைய 3 ரூபாய் 70 காசு. பிளான்ட்டில் வந்து எடுத்துப்போகும் கேன் 5 ரூபாய்க்கு விற்றால் மாதம் 7,800 ரூபாய் பழுதுபார்ப்புக்கு நிற்கும்.

குடும்பத்தின் பக்கம் இதைத் திருப்பிப் பாருங்கள். ஐந்து பேருக்கு நாளைக்கு 40 லிட்டர், இரண்டு கேன். 5 ரூபாய் என்றால் மாதம் 300. வீட்டுக்கு வரும் கேன் 35 ரூபாய் என்றால் மாதம் 2,100. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இரண்டாவது கணக்குக்கு ஒரே முடிவுதான்: குடிக்க மட்டும் ஒரு கேன் வாங்கி, களிக்கும் சோற்றுக்கும் போர் தண்ணீரை ஊற்றுவார்கள். விலை ஏறும் ஒவ்வொரு ரூபாயும் ஃபுளோரைடாக அடுப்புக்குள் போகிறது.

ஆர்.ஓ. பிளான்ட் ஒன்று எப்படிக் கெடும் என்பதைத் தெரிந்துகொள்வது ஊருக்கு நல்லது. ஆன்டிஸ்கேலன்ட் தீர்ந்ததும் வாங்கி ஊற்றாமல் விடுவார்கள். மெம்பரேனில் சுண்ணாம்பு படியும். 1,000 லிட்டர் கொடுத்தது 600க்கு இறங்கும். வரிசையில் ஆள் நிற்பார்கள். அப்போது ஆபரேட்டர், மெம்பரேன் வழியே போகாத போர் தண்ணீரை ருசிக்காகக் கொஞ்சம் கலக்க வைத்திருக்கும் பைபாஸ் வால்வை இன்னும் இரண்டு சுற்றுத் திறப்பார். கேன் வேகமாக நிரம்பும். கலக்கும் போர் தண்ணீரோடு ஃபுளோரைடும் ஏறும். யாராவது கேட்டால் டி.டி.எஸ். மீட்டரை முக்கிக் காட்டுவார். 350 என்று காட்டும். எல்லாருக்கும் திருப்தி. டி.டி.எஸ். மீட்டர் மொத்த உப்பை மட்டுமே காட்டும்; ஃபுளோரைடு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது.

பைபாஸே கூடாது என்று சொல்லவில்லை. டி.டி.எஸ். 20க்கு இறக்கிய தண்ணீரில் கால்சியமும் போய்விடுகிறது. ஃபுளோரைடு உடலில் ஏறாமல் தடுப்பதில் உணவிலும் நீரிலும் உள்ள கால்சியத்துக்குப் பங்கு உண்டு. டி.டி.எஸ். 1,200, ஃபுளோரைடு 2.5 உள்ள போரில், மெம்பரேன் கடந்த நீர் டி.டி.எஸ். 60, ஃபுளோரைடு 0.2 என்றால், பத்தில் ஒரு பங்கு கலந்தால் டி.டி.எஸ். 174, ஃபுளோரைடு 0.43. இது சரியான இடம். கலக்கும் நீரைக் காட்ரிட்ஜுக்குப் பிறகு எடுத்து, யு.வி.க்கு முன்பே சேர்க்க வேண்டும். அந்த அளவில் வால்வுக்குப் பூட்டுப் போட்டு, சாவி ஊராட்சியில் இருக்க வேண்டும்.

தனியார் கையிலா, ஊர் கையிலா

தனியார் நடத்தும் பிளான்ட் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். மெம்பரேன் போனால் மறுநாளே ஆள் வருவான், ஏனென்றால் ஓடாத நாள் நடத்துகிறவருக்கு நஷ்டம். ஊராட்சி பிளான்ட்டில் 8,000 ரூபாய் பம்புக்கு மதிப்பீடு, ஒப்புதல், காசோலை என்று மாதக்கணக்கில் பூட்டிக் கிடப்பதை மறைப்பதில் பயனில்லை.

ஆனால் தனியாருக்குள்ள லாபம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. தெருக்குழாயில் நல்ல தண்ணீர் வந்தால் கேன் விற்காது. ஊராட்சியின் இடத்தில், ஊராட்சியின் போரில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு, அந்த ஊராட்சியின் குழாய் கெட்டிருப்பதே வருமானம். பதினைந்து வருஷ ஒப்பந்தம் என்பது பதினைந்து வருஷம் குழாய் சரியாகக் கூடாது என்று விரும்பும் ஒருவரை ஊருக்குள் குடிவைப்பது.

பெரிய அளவில் நடந்தவற்றிலும் இதே முடிச்சுத்தான். பொலிவியாவின் கொச்சபாம்பா நகரில் 1999இல் குடிநீர் விநியோகத்தின் 40 வருஷ உரிமையை ஒரு தனியார் நிறுவனக் கூட்டுக்குக் கொடுத்தார்கள். கட்டணம் ஏறியது ஒரு காரணம். ஜனங்கள் தாங்களே தோண்டிய கிணறுகள்கூட அந்த உரிமைக்குள் போகும்படி சட்டம் இருந்தது இன்னொரு காரணம். 2000 ஏப்ரலில் ஊரே தெருவில் இறங்கி ஒப்பந்தம் ரத்தானது. மணிலாவில் 1997இல் நகரை இரண்டாகப் பிரித்து, ஆகக் குறைந்த கட்டணம் கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். அதே ஆண்டு நாணய நெருக்கடி வந்து டாலர் கடன் வீங்க, மேற்குப் பகுதி நிறுவனம் திவால் வரை போனது. குறைந்த விலையில் உள்ளே வருகிறவர் அந்த விலையிலேயே இருப்பார் என்பதற்கு உத்தரவாதமில்லை. நம் பக்கத்துத் திருப்பூரில், தொழிற்சாலைகள் கூடுதல் விலை கொடுக்கும் என்ற நம்பிக்கையில் நாளைக்கு 18.5 கோடி லிட்டர் திட்டம் கட்டினார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது அந்த வருமானக் கணக்கு ஆட்டம் கண்டது. இதற்கு எதிர்ப்பக்கம் கம்போடியாவின் புனோம்பென் இருக்கிறது. 1993இல் அந்நகரில் விநியோகித்த நீரில் 70 சதவீதத்துக்கு மேல் கணக்கில்லாமல் போனது. தனியாருக்கு விற்காமல், அரசு நிறுவனமே மீட்டர் வைத்து, திருட்டு இணைப்பை வெட்டி, ஊழியரைப் பொறுப்பாக்கி, அதைப் பத்து சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தது.

நம் ஊர் அளவில் நடைமுறைக்கு ஒத்துவருவது நடுவழி: பிளான்ட் ஊராட்சிக்குச் சொந்தம், தினசரி ஓட்டுவது மகளிர் சுயஉதவிக் குழு, மெம்பரேனும் பம்பும் பார்க்க ஒரு தனியார் கம்பெனியோடு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். கேன் பணம் தனி வங்கிக் கணக்கில் விழ வேண்டும். ஊராட்சிப் பொதுக் கணக்கில் சேர்ந்தால் பம்பு வாங்க அது திரும்பக் கிடைக்காது. கருவிச் செலவுக்கு நிதிக்குழு மானியத்தில் குடிநீருக்கென்றே ஒதுக்கிய பகுதியைக் கேட்கலாம்.

முழுக்கத் தனியாரிடம்தான் விடுவது என்று ஊர் முடிவெடுத்தால் தாளில் இவை இருக்கட்டும். இடமும் போரும் மின் இணைப்பும் ஊராட்சி பெயரிலேயே தொடரும். காலம் மூன்று வருஷம், புதுப்பிப்பது கிராம சபையில். விலை மாற்றமும் கிராம சபையில்தான். பள்ளி, அங்கன்வாடி, துணை சுகாதார நிலையத்துக்குத் தினமும் இத்தனை கேன் இலவசம் என்று எண்ணோடு எழுத வேண்டும். ஏற்றும் நீருக்கும் விற்கும் நீருக்கும் தனித்தனி மீட்டர். ஒரு செட் மெம்பரேன் விலைக்குக் குறையாத வைப்புத்தொகை. மூன்று நாள் தொடர்ந்து நின்றால் ஊராட்சியே திறந்து ஓட்டலாம். கார்டு தேய்க்கும் மெஷின் என்றால் அதன் மென்பொருள் சாவி ஊராட்சிக்கும் வேண்டும், இல்லாவிட்டால் திறந்தும் ஓட்ட முடியாது. ஒகேனக்கல் தண்ணீரை விரிவாக்கவோ பொதுக்குழாய் போடவோ ஊராட்சிக்கு எந்தத் தடையும் இல்லை என்ற வரி இல்லாத தாளில் கையெழுத்துப் போடவே கூடாது. 1994ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டப்படி குடிநீர் கொடுப்பது கிராம ஊராட்சியின் கடமை. பிளான்ட் வந்ததால் அது தீர்ந்துவிடாது.

மற்ற வழிகள்

டேங்கர் லாரி அவசரத்துக்கு மட்டும். அதுவும் ஏதோ ஒரு தோட்டத்து போர் தண்ணீர்தான். ஃபுளோரைடு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத் தெளியவைக்கும் நல்கொண்டா முறையில் தினமும் அளவு பார்த்துப் போட வேண்டும், சேறு சேரும், படிகாரம் மிஞ்சினால் அலுமினியம் தண்ணீரில் தங்கும். வீட்டளவில் தொடர்ந்து செய்வது சிரமம். அலுமினா ஃபில்டர் நன்றாக வேலை செய்யும், நிறைந்ததும் காஸ்டிக் சோடாவாலும் அமிலத்தாலும் கழுவ ஆள் இருக்கும்வரை.

மழைநீருக்கு மட்டும் கூடுதல் மதிப்பு கொடுக்கலாம். 50 சதுர மீட்டர் கான்கிரீட் கூரையில், ஆண்டுக்கு 850 மி.மீ. மழையில், ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 34,000 லிட்டர். ஐந்து பேர் குடும்பத்துக்கு வருஷத்துக்கு வேண்டியது 14,600. டிசம்பரிலிருந்து ஏப்ரல்வரை மழையில்லா 150 நாளைக்கு 6,000 லிட்டர் தொட்டி வேண்டும். மழை ஆரம்பிக்கும்போது முதல் 100 லிட்டரை வெளியே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் இது கட்டுப்படியாகாது. ஆனால் பல் உருவாகும் வயதுப் பிள்ளைகள் மதியம் சாப்பிடும் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும், கூரை ஏற்கெனவே இருப்பதால், இதைவிட நம்பகமான நீராதாரம் இல்லை.

எந்த ஊருக்கு எது

ஒகேனக்கல் குழாயில் ஆளுக்கு 8 லிட்டருக்கு மேல் வந்தால் பிரித்துவிடுங்கள், ஆர்.ஓ. பேச்சே வேண்டாம். வருவது அதற்குக் குறைவு என்றால், பிரித்துவிட்டு மீதிக்கு மட்டும் ஊராட்சி பிளான்ட், சின்னதாக, மணிக்கு 500 லிட்டர். குழாயே இல்லை என்றால் ஊராட்சி பிளான்ட்டோடு பள்ளிக்கு மழைநீர்த் தொட்டி. ஊரில் ஏதாவது ஒரு போரில் 1 மி.கி.க்குக் குறைவாக இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அப்படி ஒன்று கிடைத்தால் அதையே குடிநீருக்கு ஒதுக்குவதுதான் எல்லாவற்றிலும் மலிவு.

இதற்கெல்லாம் முதலில் சோதனை முடிவு வேண்டும். மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் போட்டு, ஏப்ரலில் மாதிரி எடுத்தால் மே 1 கூட்டத்துக்குத் தாள் கையில் இருக்கும். கோடையில் எடுப்பதே சரி. நீர்மட்டம் இறங்கி ஃபுளோரைடு பெரும்பாலும் கூடுதலாக நிற்கும் காலம் அது. ஒவ்வொரு போர், மேல்நிலைத் தொட்டி, கடைசித் தெருக் குழாய், பிளான்ட் இருந்தால் அதன் கேன் நிரப்பும் குழாய் எல்லாவற்றிலும் தனித்தனியாக ஒரு லிட்டர். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பிளாஸ்டிக். போர் மோட்டாரைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, அதே தண்ணீரில் பாட்டிலை மூன்று முறை அலசி, நிரப்பி, இடம், தேதி, நேரம் எழுதி ஒட்டி, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். விண்ணப்பத்தில் ஃபுளோரைடு, கார அளவு, கால்சியம், நைட்ரேட், டி.டி.எஸ். ஐந்தையும் கேட்டு எழுத வேண்டும். டி.டி.எஸ். மட்டும் வந்தால் அந்தத் தாளை வைத்து எதையும் முடிவெடுக்க முடியாது.